கேதம் கேட்க யாரும் வராத துக்கம்

எங்கள் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. சாப்பாடு பக்கத்து வீட்டிலிருந்தோ பங்காளி வீட்டிலிருந்தோ வரும். சொந்தக்காரர்கள் கேதம் கேட்க வருவார்கள். சிலர் அதைத் துட்டி கேட்பது என்பார்கள். வந்து உட்கார்ந்து, "எப்படி ஆச்சு?" என்பார்கள். வீட்டுக்காரர் முதலிலிருந்து சொல்வார். அடுத்த ஆள் வந்து அதையே கேட்பார், மறுபடியும் முதலிலிருந்து. பத்து இருபது முறை சொல்லச் சொல்ல, நடந்துவிட்டது என்பது சொல்கிறவரின் மனதில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அப்புறம் மூன்றாம் நாள், பதினாறாம் நாள், கருமாதி, வருடம் திரும்பினால் திதி. எதுவரை அழலாம், எப்போது தலைக்குக் குளித்து வேலையைப் பார்க்கப் போகலாம் என்பதற்கெல்லாம் ஊர் ஒரு வழி வைத்திருக்கிறது.

போன தை மாதம் எங்கள் முயல் இறந்தபோது இதில் எதுவும் நடக்கவில்லை. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் எங்கள் வீடு. வெள்ளை முயல், ஒயிட் ஜெயண்ட் இனம், பெயர் பட்டாணி. ஆறு வருடம் எங்களோடு இருந்தான். காலையில் அவனைக் குழியில் வைத்து மண்ணைத் தள்ளினோம். ஒன்பது மணிக்குக் கணவர் வேலைக்குப் போனார், மகள் பள்ளிக்கூடம் போனாள், நான் துணி ஊறவைத்தேன். மதியம் கேரட் நறுக்கும்போது காம்போடு இருக்கும் தலைப்பகுதியை வழக்கம்போல ஒரு தட்டில் தனியாக ஒதுக்கி வைத்தேன். வைத்த பிறகுதான் கை நின்றது. அன்று நான் அழுத மாதிரி என் பாட்டி இறந்தபோதுகூட அழவில்லை. மாலையில் மகள் வருவதற்குள் முகத்தைக் கழுவிக்கொண்டேன். ஒரு முயலுக்காக இப்படி அழுதது வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று இருந்தது.

முதல் முறையாக ஒரு முயலையோ, கினிப்பன்றியையோ, லவ் பேர்ட்ஸ் ஜோடியில் ஒன்றையோ, பூனையையோ இழந்துவிட்டு, எனக்கு என்னதான் ஆகிறது என்று தெரியாமல் இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த வாரங்களில் நான் தேடித் தேடிப் படித்ததும், பட்டுத் தெரிந்துகொண்டதும் இதில் இருக்கின்றன.

முதலில் அந்த வெட்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் டோக்கா 1989இல் ஒரு கருத்தை முன்வைத்தார். தமிழில் அதை 'அங்கீகாரம் கிடைக்காத துக்கம்' என்று சொல்லலாம். அவர் சொன்னதன் சாரம் இது: யாருக்காகத் துக்கப்படலாம், யார் துக்கப்படலாம், எவ்வளவு நாள் துக்கப்படலாம் என்பதற்கு ஒவ்வொரு சமூகத்திலும் எழுதாத விதிகள் உண்டு. அந்த விதிக்குள் வராத இழப்பு நேர்ந்தால் வலி அதே வலிதான், ஆனால் தாங்கிப் பிடிக்க ஆள் இருக்காது. கருவிலேயே கலைந்த குழந்தை, பிரிந்துபோன கணவனின் சாவு, வெளியே சொல்ல முடியாத காதல் எல்லாம் இந்த வகைதான். வளர்ப்புப் பிராணியின் சாவும் இதில் சேரும். இதில் முக்கியமான விஷயம், ஊர் வைத்திருக்கும் விதியை நாமே நம் மேலும் போட்டுக்கொள்கிறோம் என்பது. யாரும் வந்து என்னைத் திட்டவில்லை. நானே என்னை அடக்கிக்கொண்டேன்.

சிறிய பிராணி என்றால் இந்த அங்கீகாரம் இன்னும் குறையும். நாய் செத்துவிட்டது என்றால் இப்போதெல்லாம் ஓரளவு புரிந்துகொள்கிறார்கள். முயல், கிளி, மீன் என்றால் அதுவும் இல்லை. எங்கள் மலையில் முயலுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பூம்பாறை தாண்டிப் போனால் மன்னவனூர் வரும். அங்கே மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென் மண்டல மையம் இருக்கிறது. பச்சைப் புல்வெளியில் செம்மறியாடு மேய்வதைப் பார்க்கச் சுற்றுலாக்காரர்கள் போகும் இடம். ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா என்ற முயல் இனங்களை அங்கே வளர்க்கிறார்கள். அவை கறிக்கான இனங்கள். அதனால் இங்கே பல வீடுகளில் முயல் என்றால் கோழி மாதிரி, கூண்டில் வளர்த்து விற்பதற்கோ குழம்புக்கோ ஆனது. பட்டாணி இறந்த செய்தியைச் சொன்னதும் சொந்தத்தில் ஒருவர் போனில், "அடடா, சீக்கு வந்து செத்துச்சா, கறிக்கும் ஆகாதே" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் வீட்டில் முயல் என்றால் அதுதான். அதே விலங்கு எங்கள் வீட்டில் மகளின் போர்வைக்குள் நுழைந்து தூங்கியது. இரண்டும் உண்மை. துக்கம் விலங்கின் இனத்தைப் பார்த்து வருவதில்லை, அதோடு நமக்கிருந்த உறவைப் பார்த்து வருகிறது. அவருக்கு நான் பதில் சொல்லவில்லை, சொல்லத் தெரியவும் இல்லை. இன்று கேட்டால் இதைச் சொல்வேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனேன். காய் விற்கும் அம்மா ஒருவர் வாராவாரம் கேரட் தழையைக் கட்டி எங்களுக்காக எடுத்து வைப்பார், காசு வாங்க மாட்டார். அன்றும் எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றேன். "ஏன், குட்டிக்கு என்னாச்சு?" என்று கேட்டார். சொன்னேன். தழைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு, "எத்தன வருசம் இருந்துச்சு? என்ன செஞ்சுச்சு அதுக்கு?" என்றார். கூட்டத்துக்கு நடுவே நின்று முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் செய்தது கேதம் கேட்டது, வேறொன்றும் இல்லை. அன்று இரவு நான்கு நாளில் முதல் முறையாக நன்றாகத் தூங்கினேன்.

சரி, ஒன்றரைச் சாண் உயரம் இருக்கும் ஒரு பிராணி போனதற்கு மனம் ஏன் இந்த அளவு ஆடிப்போகிறது?

பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, தாய்க்கும் குழந்தைக்கும் நடுவே உள்ள பிணைப்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். யாரோடு நமக்குப் பிணைப்பு உண்டாகிறதோ அவர் பக்கத்தில் இருந்தால் மனம் அமைதியாக இருக்கும், பிரிந்தால் பதறும், தேடும் என்பது அவர் சிந்தனையின் அடிப்படை. துக்கத்தையும் அவர் அப்படித்தான் பார்த்தார்: பிரிந்தவரை மனம் தேடுவது அது. அவரோடு சேர்ந்து வேலை செய்த காலின் மரே பார்க்ஸ், லண்டனில் கணவரை இழந்த பெண்களிடம் பேசி ஆராய்ந்தார். இறந்தவர் பக்கத்தில் இருப்பது மாதிரித் தோன்றுவதும், கண் தானாகக் கூட்டத்தில் அவர் முகத்தைத் தேடுவதும் அவர்களில் பலருக்கு இருந்தன. இது பைத்தியம் அல்ல, மனம் செய்கிற இயல்பான வேலை.

வீட்டுப் பிராணியோடு உள்ள பிணைப்பு பேச்சால் ஆனதல்ல, பழக்கத்தால் ஆனது. காலை ஆறு மணிக்குக் கூண்டைத் திறப்பது, தண்ணீர் மாற்றுவது, சாக்கை உதறிப் புழுக்கையைப் பெருக்கித் தள்ளுவது, பனி விழும் இரவில் கூண்டின் மேல் கம்பளி போடுவது, கதவைச் சாத்தும் முன் கால் ஓரம் ஒரு முறை பார்ப்பது. தொலைவில் இருக்கும் ஒரு சித்தப்பாவை வருடத்துக்கு இரண்டு முறை நினைக்கிறோம். முயலை ஒரு நாளைக்கு முப்பது முறை நினைக்கிறோம். சித்தப்பா இறந்தால் அந்த இரண்டு இடம்தான் வெறுமையாகும். முயல் இறந்தால் ஒவ்வொரு நாளும் முப்பது இடத்தில் கால் தடுக்கும். பட்டாணி போன பிறகு இரண்டு வாரம்வரை இரவில் கூண்டுக் கம்பியைக் கடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. கணவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவருக்கும் கேட்டிருக்கிறது, சொல்லவில்லை.

இன்னொன்றும் உண்டு. பிராணியிடம் நாம் நடிப்பதில்லை. மாமியார் முன்னால் ஒரு முகம், அலுவலகத்தில் ஒரு முகம் என்று இருக்கிறவர்களுக்கு, எந்த முகமும் வேண்டாத ஓர் இடமாகத்தான் அது இருந்திருக்கும். தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு இது இன்னும் கூடுதல். ஒரு நாளில் அவர்கள் வாய் திறந்து பேசுவதே அந்தக் கிளியிடமோ பூனையிடமோதான் என்றால், அது போன அன்று வீட்டில் பேச்சே நின்றுவிடும்.

குற்ற உணர்வு

எனக்குக் கண்ணீரைவிடக் கடினமாக இருந்தது இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதல் நாள் மாலை பட்டாணி கேரட்டைத் தொடவில்லை. மூலையில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெளியே உறைபனி விழும் குளிர். குளிருக்குத்தான் ஒடுங்கியிருக்கிறான் என்று நினைத்து இன்னொரு சாக்கைப் போட்டுவிட்டுப் படுத்தோம். காலையில் மருத்துவரிடம் காட்டலாம் என்று கணவர் சொன்னார். காலை ஐந்தரைக்கு அவன் உடம்பு விறைத்திருந்தது.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். முயலின் குடல் இடைவிடாமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் நாள் முழுக்கப் புல்லை மென்றுகொண்டே இருக்கிறது. ஏதோ ஒரு காரணத்தால், வலியாலோ பயத்தாலோ பல் தொல்லையாலோ, சாப்பிடுவது நின்றால் குடல் நகர்வதும் மெதுவாகும். உள்ளே வாயு சேரும், வலி கூடும், வலி கூடினால் இன்னும் சாப்பிடாது. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. 10, 12 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் அது அவசர நிலை, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். கினிப்பன்றிக்கும் ஏறக்குறைய இதே கதைதான். குளிரை முயல் நன்றாகவே தாங்கும், அதற்கு எமன் வெயில்தான் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

இதைப் படித்த இரவு என் மேலேயே எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. உங்கள் கதை வேறாக இருக்கலாம். ஜன்னலைத் திறந்து வைத்ததால் கிளி பறந்திருக்கலாம். கதவைச் சரியாகச் சாத்தாததால் பூனை ரோட்டுக்கு ஓடியிருக்கலாம். வலியில் துடித்த நாய்க்கு ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்று மருத்துவர் சொல்லி நீங்கள் தலையசைத்திருக்கலாம். அப்படித் தலையசைத்தவர்களுக்கு 'அவசரப்பட்டோமோ' என்று ஒரு நாளும், 'முன்னாடியே செய்திருக்கணுமோ' என்று மறுநாளும் தோன்றிக்கொண்டே இருக்கும்.

இதற்கு நான் கண்ட விளக்கம் இரண்டு. ஒன்று, முயல், கினிப்பன்றி, பறவை எல்லாம் இரையாகும் இனங்கள். காட்டில் தளர்ந்து தெரிகிற இரையைத்தான் எதிரி முதலில் அடிக்கும். அதனால் நோயை மறைப்பது அவற்றின் பிறவிக் குணம். நமக்குத் தெரியும்படி சோர்ந்துவிட்டது என்றால் பெரும்பாலும் நோய் ஏற்கெனவே முற்றியிருக்கும். இரண்டு, முடிவு தெரிந்த பிறகு நடந்ததைத் திரும்பிப் பார்க்கும்போது அறிகுறிகள் மட்டும் வரிசையாகப் பளிச்சென்று தெரியும். அந்த மாலை நம் முன்னால் இருந்தது அந்த வரிசை அல்ல. சாப்பிடாத ஒரு கேரட் துண்டு, குளிர், மகளின் வீட்டுப்பாடம், கொதிக்கும் குழம்பு எல்லாம் கலந்துதான் இருந்தன.

அப்போது ஒரு காரியம் செய்தேன், எனக்கு உதவியது. ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டேன். அன்று மாலை ஆறு மணிக்கு எனக்குத் தெரிந்தது என்ன என்று இடது பக்கம். இன்று எனக்குத் தெரிவது என்ன என்று வலது பக்கம். குடலைப் பற்றியது எல்லாம் வலது பக்கம்தான் வந்தது. தெரியாமல் விட்டதற்கு வருத்தப்படலாம், படத்தான் வேண்டும். ஆனால் தெரிந்தே விட்டதாகத் தண்டனை கொடுத்துக்கொள்ளக் கூடாது. உண்மையிலேயே கவனக்குறைவு இருந்தது என்றாலும் சரி, இறந்த பிராணியிடமே அதை வாய்விட்டுச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் அதைச் செய்தேன். அதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

எத்தனை நாள்?

துக்கம் ஐந்து படிகளாக வரும் என்று எங்காவது படித்திருப்பீர்கள்: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. எலிசபெத் கூப்ளர் ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் எழுதியது அது. இறந்தவர்களின் குடும்பத்தைப் பார்த்து அவர் எழுதவில்லை, சாகும் நிலையில் இருந்த நோயாளிகளோடு பேசி எழுதினார். பின்னால் அது எல்லாத் துக்கத்துக்கும் படிக்கட்டு மாதிரி ஆகிவிட்டது. படி வரிசையாக வரவில்லை என்றால் தனக்குத்தான் ஏதோ கோளாறு என்று பலர் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டாம்.

எனக்குப் பொருத்தமாகப் பட்டது, மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1999இல் சொன்னது. துக்கப்படுகிற மனம் இரண்டு பக்கம் மாறி மாறிப் போகும் என்கிறார்கள். கொஞ்ச நேரம் இழப்பின் பக்கம்: அழுகை, நினைவு, போட்டோ. கொஞ்ச நேரம் வாழ்க்கையின் பக்கம்: வேலை, சமையல், சிரிப்பு. இரண்டுமே வேண்டும், போய்ப் போய் வருவதுதான் ஆறுகிற விதம். வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறும்போது ஒரு வளைவில் மஞ்சளாறு அணை பளிச்சென்று தெரியும். அடுத்த வளைவில் மறைந்துவிடும். இனி தெரியாது என்று நினைக்கும்போது இன்னும் மேலே ஒரு திருப்பத்தில் மறுபடி கீழே தெரியும், முன்னைவிடச் சிறியதாக. எனக்கு அந்த மாதங்கள் அப்படித்தான் போயின. காலையில் மகளோடு சிரித்துவிட்டு மதியம் கேரட்டைப் பார்த்து அழுதால் நீங்கள் பொய்யாகச் சிரித்தீர்கள் என்று அர்த்தம் இல்லை.

நாள் கணக்கு யாரும் சொல்ல முடியாது. மனிதர் இறந்த துக்கத்துக்கே, பெரியவர்களிடம் அது கடுமை குறையாமல் ஒரு வருடம் தாண்டியும் நீடித்தால்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வரையறை அதைக் கோளாறு என்று பார்க்கத் தொடங்குகிறது. அப்படி இருக்க, பத்து நாளில் "இன்னுமா?" என்று கேட்கிறவர்களைப் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லை, வேலைக்குப் போக முடியவில்லை, உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண் 104ஐயும் அழைக்கலாம். முயல் செத்ததற்கா போன் செய்வது என்று நினைக்க வேண்டாம். பழைய துக்கம் ஏதாவது உள்ளே அடைபட்டுக் கிடந்தால், சின்ன இழப்பு ஒன்று வந்து அதையும் சேர்த்துத் திறந்துவிடுவது உண்டு. கேரட்டுக்கு முன் நின்று நான் அழுததில் பாட்டிக்கான அழுகையும் கலந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

குழந்தைகளிடம்

இதில் நான் ஒரு தப்புச் செய்தேன். மகளுக்கு அப்போது ஆறு வயது. காலையில் எழுந்ததும் பட்டாணி எங்கே என்று கேட்டாள். அவனை அப்போது துணியில் சுற்றிப் பின்பக்கம் வைத்திருந்தோம். வாயில் வந்ததைச் சொன்னேன்: "அவன் மன்னவனூருக்கே போயிட்டான் கண்ணு, அவங்க அம்மாகிட்ட." அழாமல் பள்ளிக்கூடம் போனாள். நிம்மதியாக இருந்தது. சாயங்காலம் வந்ததும் கேட்டாள், "ஞாயித்துக்கிழமை பார்க்கப் போகலாமாம்மா?" மறுநாள் கேட்டாள், "என்கிட்ட சொல்லாம ஏன் போனான்? நான் அடிச்சேன்னா?"

அப்போதுதான் உறைத்தது. நான் அவளைச் சாவிலிருந்து காப்பாற்றவில்லை, அவளைப் பிடிக்காமல் பட்டாணி ஓடிப்போய்விட்டான் என்று நம்ப வைத்திருக்கிறேன். உட்கார வைத்து உண்மையைச் சொன்னேன். நிறைய அழுதாள். அப்புறம் குழி இருக்கும் இடத்தைக் காட்டச் சொன்னாள்.

செத்தால் உடம்பு வேலை செய்யாது, செத்தவர் திரும்பி வர மாட்டார், உயிருள்ள எல்லாமே ஒரு நாள் சாகும் என்பதெல்லாம் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் புரியத் தொடங்குகிறது. அதற்கு முன் 'தூங்குகிறான்' என்று சொன்னால் எப்போது எழுவான் என்று காத்திருக்கும். சில குழந்தைகள் தாங்களே தூங்கப் பயப்படும். 'சாமி கூட்டிட்டுப் போயிட்டார்' என்றால் என்னையும் கூட்டிப் போவாரா என்று கேட்கும். 'செத்துப் போச்சு' என்ற சொல்லையே சொல்லுங்கள். உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது, வலி இல்லை, இனி வராது, இது உன்னால் நடக்கவில்லை. கடைசி வாக்கியத்தைக் குழந்தை கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மனதுக்குள் அதுதான் ஓடிக்கொண்டிருக்கும்.

மறுநாளே புதுக் குட்டி ஒன்றை வாங்கி அதே கூண்டில் விடுவதும் நல்ல எண்ணத்தில் நடக்கும் தவறுதான். போனதன் இடத்தில் இன்னொன்றை வைத்துவிடலாம் என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. புதுக் குட்டிக்கும் அது நியாயமில்லை, பட்டாணி மாதிரி இல்லை என்ற குறையோடுதான் அதைப் பார்ப்போம். எப்போது வாங்கலாம் என்பதற்குக் கணக்கு இல்லை. பழைய பெயரை வைக்கத் தோன்றாத நாளில் வாங்கலாம் என்று என் கணவர் சொல்வார், எனக்கு அது சரியாகப் படுகிறது. ஜோடியில் ஒன்று போய் மற்றது மிஞ்சியிருந்தால் மட்டும் அதன்மேல் ஒரு கண் இருக்கட்டும். செத்ததை அது கொஞ்ச நேரம் முகர்ந்து பார்க்க விடுங்கள். அடுத்த சில நாள் அது சாப்பிடுகிறதா, புழுக்கை போடுகிறதா என்று பாருங்கள்.

மண்ணும் கல்லும்

மலையில் இருக்கிறவர்களுக்குப் புதைக்க இடம் கிடைத்துவிடுகிறது, அது ஒரு கொடுப்பினை. ஆனால் ஒரு அடி தோண்டி மூடிவிட்டால் காட்டுப்பன்றி இரவோடு இரவாகக் கிளறிவிடும். குழந்தை காலையில் அதைப் பார்க்கும்படி ஆகக் கூடாது. மூன்றடி ஆழமாவது தோண்டுங்கள். பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். ஓடைக்கும் குடிதண்ணீர் எடுக்கும் ஊற்றுக்கும் தள்ளி இருக்கட்டும். மருத்துவர் ஊசி போட்டு உயிர் போயிருந்தால் அந்த மருந்து உடலில் தங்கியிருக்கும், தோண்டித் தின்கிற விலங்கையும் அது பாதிக்கும். அப்போது ஆழம் இன்னும் முக்கியம். மண்ணைத் தள்ளிய பிறகு மேலே பெரிய கல்லாக ஒன்றை வையுங்கள்.

அந்தக் கல்லை வைக்கும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது. முயலுக்குச் சமாதியா என்று யாராவது கேட்பார்களோ என்று. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். இந்தப் பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் போனால் பெருங்கற்காலத்துக் கற்திட்டைகள் இன்னும் நிற்கின்றன. இறந்தவருக்குக் கல் எழுப்புவது இந்த மண்ணுக்கு அவ்வளவு பழைய வழக்கம். மனிதருக்கு மட்டும் என்றும் இல்லை. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு சண்டைச் சேவலுக்கு நடுகல் இருக்கிறது. சேவலின் உருவத்தைச் செதுக்கி வட்டெழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், காலம் 5ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில், திருடர்களைக் கடித்துத் தன் எசமானோடு நின்ற நாயும் இருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். கல்வெட்டில் பெயரோடு இருக்கிறது. ஏறக்குறைய 1,400 வருடங்களுக்குப் பிறகும் அந்த நாயை நாம் பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிறது. அவர்களுக்கு இல்லாத கூச்சம் எனக்கு எதற்கு?

இறந்தவரை மறந்து, கட்டை அறுத்துக்கொண்டு முன்னே போவதுதான் துக்கம் தீர்வது என்று மேற்கத்திய மனவியலில் நெடுநாள் ஒரு எண்ணம் இருந்தது. 1996இல் டென்னிஸ் கிளாஸும் அவரோடு சேர்ந்தவர்களும் அதை மாற்றிச் சொன்னார்கள். உறவு அறுவதில்லை, வேறு உருவத்தில் தொடர்கிறது, அது நல்லதுதான் என்று. போட்டோவுக்குப் பொட்டு வைத்து, வருடா வருடம் அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கிற நமக்கு இது புதிதல்ல. அதை ஒரு முயலுக்கும் செய்யலாம் என்பதுதான் எனக்குப் புதிதாக இருந்தது. மகள் அந்தக் கல்லில் சாக்பீஸால் பெயர் எழுதினாள். மழையில் அழிந்தது, மறுபடி எழுதினாள். கொஞ்ச நாளில் எழுதுவதை அவளே நிறுத்திவிட்டாள். நான் எதுவும் கேட்கவில்லை.

துக்கப்படுகிறவரிடம் என்ன பேசுவது என்று தெரியாதவர்களுக்கு ஒன்று. "ஒரு பூனைதானே", "வேற ஒண்ணு வாங்கிக்கலாம்", "மனுசங்களுக்கே ஆயிரம் கஷ்டம்" என்பதெல்லாம் வேண்டாம். அந்தப் பிராணியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எப்படி ஆச்சு என்று கேளுங்கள். முதலிலிருந்து சொல்ல விடுங்கள். ஏற்கெனவே கேட்ட கதை என்றாலும் கேளுங்கள்.

ஐப்பசி அடைமழையில் எதிர்வீட்டு அக்காவின் பூனை இறந்தது. பதினான்கு வயதுக் கிழப்பூனை. கணவர் போன பிறகு அந்த வீட்டில் அக்காவும் அதுவும்தான். மாலையில் குடையை எடுத்துக்கொண்டு போனேன். "எப்படிக்கா ஆச்சு?" என்றேன். முதலில் "வயசாயிடுச்சு, போயிடுச்சு, அவ்ளோதான்" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அது முதன்முதலில் அந்த வீட்டு விறகுக் கொட்டகைக்குள் வந்து புகுந்த நாளிலிருந்து சொல்லத் தொடங்கினார். இருட்டிவிட்டது. விளக்கைப் போட எழுந்தபோதுதான் அடுப்பு மேல் ஒன்றும் இல்லாததைக் கவனித்தேன். காலையிலிருந்தே அவர் எதுவும் சமைக்கவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் நான்கு இட்லியும் சட்னியும் எடுத்து வந்து வைத்தேன்.